கிளிப் போடும் முன் ஒரு படம்

முன்பெல்லாம் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்புக் காலத்தில் தூத்துக்குடிக் கரையில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, அலசி முத்து தேடுவார்கள். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது. வீணாகச் செத்ததுதான் மிச்சம். உடைக்காமலே எக்ஸ்ரேயில் பார்த்து, முத்துள்ளதை மட்டும் திறக்கலாம் என்று பிரெஞ்சு அறிவியலாளர் ரஃபேல் துபுவா 1901-இல் யோசனை சொன்னார். எதிரே இலங்கைக் கரையில் அதை முயன்றும் பார்த்தார்கள். தூத்துக்குடியிலோ 1961-க்குப் பிறகு சலாபமே நடக்கவில்லை.

அந்த யோசனை நன்றாகப் பலித்தது நம் தாடையில்தான். பல்லுக்குக் கிளிப் போடப் போனால் முதலில் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொல்வார்கள். மோவாயை ஊன்றி, சிறு பிளாஸ்டிக் துண்டை முன்பற்களால் கடித்து அசையாமல் நிற்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வரும். அரை நிமிடம்கூட ஆகாது. வளைந்த தாடை காது முதல் காது வரை தட்டையாக விரிந்து படத்தில் விழும். இந்த முறையை வளர்த்தெடுத்தவர் பின்லாந்தின் பாட்டெரோ. கதிர்வீச்சு, இயற்கையிலிருந்தே சில நாட்களில் நம் மேல் படுகிற அளவுதான்.

மருத்துவர் தேடுவது பல்வரிசையை. சில சமயம் அகப்படுவது வேறு. மேல் முன்பற்களுக்கு நடுவே கூம்பாக ஒரு கூடுதல் பல் தலைகீழாகக்கூட நிற்கும். கோரைப்பல் எலும்புக்குள் படுத்திருக்கும். முளைக்காத பல்லைச் சுற்றி நீர்க்கட்டி கருநிழலாகத் தெரியும்.

இவற்றில் விசித்திரமானது ஒடோன்டோமா. எனாமல், டென்டின் எனப் பல்லின் திசுக்கள் எல்லாம் இருந்தும் ஒழுங்கில்லாமல் வளரும் கட்டி; புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் வலிக்காது. பால்பல் விழாமல் அடம்பிடிப்பதே பல பிள்ளைகளிடம் முதல் அடையாளம். படத்தில் மெல்லிய கருவளையத்துக்குள் பொடிப்பற்கள் வெள்ளை வெள்ளையாக நெருக்கியடித்துக் கிடக்கும். 2019-இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து இப்படி எடுத்தவை 526! அவன் கிளிப்புக்காக வந்தவன் அல்லன்; தாடை வீங்கி வந்தவன். மூன்று வயதிலேயே பெற்றோர் வீக்கத்தைக் கவனித்திருந்தார்கள். ஆனால் பையன் பரிசோதனைக்கு இணங்காததால் தள்ளிப்போயிற்று.

படத்தில் தெரிவதையெல்லாம் அறுக்க வேண்டியதில்லை. எலும்பில் வெறும் வெண்திட்டு என்றால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். ஆனால் புதைந்து கிடக்கும் பல்லைக் கவனிக்காமல் பக்கத்துப் பல்லை அதன்மீது நகர்த்தினால் வேர் கரையக்கூடும். ஆகவே கிளிப்பின் விலையைக் கேட்பதற்கு முன், படத்தின் ஓரங்களையும் பார்த்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படத்தின் நகலையும் கையோடு வாங்கி வையுங்கள்.