குன்னூர் ஊசியும் நரம்பின் உறையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் நாய்க்கடி என்று பேச்சு எழுந்தால், திண்ணையிலிருக்கும் பெரியவர்கள் இன்றும் வயிற்றைத் தடவிக் கொள்வார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் அவர்களுக்கு மறக்கவில்லை. "ஊசி போட்டும் ஒருவனுக்குக் கால் விழுந்து விட்டதாம்" என்ற பயமும் கூடவே நிற்கிறது. இதை வெறும் வதந்தி என்று நாம் தள்ளுவதற்கில்லை.

1907-ஆம் வருஷம் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் தோன்றியது. வெறிநாய் கடித்த தென்னாட்டாருக்கு அதுவே புகலிடம். 1911-ல் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் வகுத்த முறைப்படி, வெறிநோய்க் கிருமி ஏற்றிய ஆட்டு மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் பக்குவம் செய்து நம் நாட்டில் மருந்தாக்கினார்கள். அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் மிகச் சிலருக்கு, ஊசி போட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ கால்கள் செயலிழந்தன; அவர்களில் சிலர் மாண்டும் போயினர். அது வெறிநோயன்று, மருந்தினால் வந்த வேறொரு வியாதி.

காரணம் என்ன? மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை போல, நம் நரம்பிழைகளுக்கு மையலின் என்னும் கொழுப்புறை உண்டு. ஆட்டு மூளையிலும் அது உண்டு. அந்த அந்நிய மையலினை எதிர்க்கப் பழகிய உடற்காவல், சொந்த நரம்புறையையும் தாக்கிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! 1930-களில் அமெரிக்காவின் ராக்பெல்லர் கழகத்தில் தாமஸ் ரிவர்ஸ், குரங்குகளுக்கு முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியால் செலுத்தி, இத்தகைய அழற்சியை வருவித்துக் காட்டினார்.

வாலிப வயதினருக்குக் கண் மங்கி, நடை தளரும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் நோயிலும் இந்த உறையே அழிகிறது. ஆகவே ரிவர்ஸின் சோதனை அதன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாயிற்று. இஸ்ரேலில் வைஸ்மன் கழகத்தின் மைக்கேல் ஸெலா, ரூத் ஆர்னான், ட்வோரா டைடல்பாம் ஆகியோர் மையலின் புரதம் ஒன்றைப் போலச் செயற்கைப் பொருள் செய்தனர். மிருகங்களுக்கு அழற்சியை உண்டாக்கச் செய்த பொருள், அழற்சியைத் தடுத்தது! கிளாட்டிராமர் என்ற பெயரில் 1996-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. பின்னர் அதனினும் வலிய மருந்துகள் வந்துள்ளன. அவை நோயை அடியோடு போக்குவதில்லை, தாக்குதல்களைக் குறைக்கின்றன. அழிந்த நரம்பு எளிதில் மீளாதாகையால், திடீரென்று கண் மங்கினாலும் கால் மரத்தாலும் தாமதியாமல் நரம்பு வைத்தியரை நாட வேண்டும்.

ஆட்டு மூளை மருந்தை 2005-க்குள் நம் நாடு கைவிட்டது. இன்று ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் மருந்து தயாராகிறது; புஜத்தில் சில ஊசிகளே போதும். பழைய பயத்தால் ஊசிக்கு அஞ்சுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வெறிநோயின் குறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுங்கள்; அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.