பட்டாசு கொளுத்தும் விதம்

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் கிருஷ்ணகிரி ஜில்லாவாசிகளுக்கு இரண்டு துக்க சம்பவங்கள் நினைவுக்கு வராமற் போகா. 2023-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி காலையில் கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் பட்டாசுக் கிடங்கு ஒன்றில் நேர்ந்த வெடி விபத்து 9 பேரைப் பலி கொண்டது. அதே வருஷம் அக்டோபர் 7-ந் தேதி ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை தீக்கிரையாயிற்று. அங்கே அன்றே 14 பேர் மாண்டார்கள். பின்னர் அத்தொகை ஆஸ்பத்திரியில் மேலும் உயர்ந்தது. மாண்டவர்களிற் பலர், நமது ஊத்தங்கரைக்கு அண்டைத் தாலுகாவாகிய அரூர்ப் பக்கத்திலுள்ள அம்மாபேட்டை என்னும் ஒரே கிராமத்துப் பிள்ளைகள். பண்டிகைக் காலத்தில் நாலு காசு சம்பாதிக்கலாமென்று எல்லை கடந்து சென்ற மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கிடங்குகளைக் கண்காணிப்பது சர்க்காரின் கடமை. அதைப் பற்றிக் கண்டனத் தீர்மானங்கள் வேண்டிய மட்டும் நிறைவேறியாகிவிட்டன. ஆனால் அந்தக் கிடங்கிலிருந்த அதே மருந்து, சிறு பொட்டலங்களாக நம் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறதே, அதைக் கண்காணிப்பவர் யார்? ராஜ்ய விவகாரங்களை மணிக்கணக்கில் தர்க்கிக்கும் நாம், எட்டு வயதுச் சிறுவன் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு அணுகுண்டின் மேல் குனிவதைத் திண்ணையில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவ்விஷயத்தில் வீட்டுத் தலைவர்களின் அசிரத்தை மன்னிக்கத் தக்கதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் திரியைப் பற்றிச் சொல்லுவோம். கொளுத்துகிறவன் விலகிச் செல்லுவதற்காகச் சிவகாசித் தொழிலாளி அளந்து வைத்துக் கொடுத்த அவகாசமே திரி. அதைக் கிள்ளுவதும், காகிதத்தை உரிப்பதும், முறுக்கைப் பிரிப்பதும் நமது பிள்ளைகளுக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றுகின்றன. உரித்த திரி எவ்வளவு நேரம் எரியும் என்பது உரித்தவனுக்கே தெரியாது. திரி குட்டையாகவோ நமத்தோ இருந்தால், அந்த வெடியைத் தண்ணீரில் போட்டுவிடுவதே உத்தமம்.

அடுத்தது கொளுத்தும் கருவி. தீக்குச்சி சில விநாடிகளே எரியும், காற்றுக்கு அணையும், அது அணையாதிருக்கக் கையைக் குவித்து முகத்தை அருகே கொண்டு போக நேரிடும். ஆகவே அதைப் போல் இதற்குத் தகாத சாதனம் வேறில்லை. நீண்ட ஊதுவத்தியோ காற்றுப் பட்டால் இன்னும் நன்றாகக் கனலும். அதை ஒரு முழ நீளமுள்ள மூங்கிற் குச்சியின் நுனியில் கட்டிக்கொண்டால் கைக்கும் மருந்துக்கும் இடையே போதிய தூரம் கிடைக்கும். பக்கவாட்டில் நின்று, ஒரு காலைப் பின்வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் திரியின் நுனியைத் தொட வேண்டும். திரி பற்றிக்கொண்டதும் நகர வேண்டும். பற்றிற்றா என்று குனிந்து பார்ப்பதுதான் கண்ணைக் கெடுக்கிறது. ஒரு சமயத்தில் ஒருவர் ஒன்றைத்தான் கொளுத்த வேண்டும். மற்றவை மூடிய பெட்டியில், பொறி எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சட்டைப் பையில் வெடியை நிரப்பிக்கொண்டு நிற்கும் வழக்கத்தைப் பெற்றோர் கண்டிப்பாய்த் தடுக்க வேண்டும்.

புஸ்வாணத்தைச் சாந்தமான சாமான் என்று எண்ணுவது பிசகு. சில சமயம் அது பூச் சொரியாமல் வெடித்துவிடும். ஆதலால் சமதரையில் வைத்து, வெடிக்குக் காட்டும் மரியாதையை அதற்கும் காட்டுவது அவசியம். ஆகாயவாணத்தைச் சோடாப் புட்டியில் நிறுத்துகிறார்கள். புட்டி சாய்ந்தால் வாணம் எதிர்வீட்டு ஜன்னலைத் தேடிப் போகிறது. மணல் நிரப்பிய வாளியில் குழாயொன்றை நட்டு அதில் நிறுத்துவது நலம். நமது பக்கத்துக் கிராமங்களில் கீற்றுக் கொட்டகைகளும், வைக்கோற் போர்களும், சோளத்தட்டுக் குவியல்களும் வீட்டை ஒட்டியே இருக்கின்றன. ஒரு வருஷத்து மாட்டுத் தீவனம் ஒரு பொறியில் சாம்பலாகக்கூடும். அத்தகைய இடங்களில் ஆகாயவாணமே வேண்டாமென்று நாம் துணிந்து கூறுவோம்.

கம்பி மத்தாப்பைக் குழந்தை கையில் கொடுக்க எவரும் தயங்குவதில்லை. அதன் நுனியில் எரியும் உஷ்ணம் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்டது. ஒளி அணைந்த பின்பும் கம்பி சுடும். வெறுங்காலோடு ஓடிவரும் அடுத்த குழந்தை அதை மிதிக்கும். எரிந்த கம்பிகளைப் போட ஒரு வாளித் தண்ணீர் வைப்பது எவ்வளவு பெரிய காரியம்? நைலான் பாவாடை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும் என்பதையும், பருத்தி உடையே தக்கது என்பதையும் ஸ்திரீகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. புடைவைக் கடையில் பணம் கொடுக்கும் புருஷர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

வெடியின் மேல் கொட்டாங்கச்சியையோ தகர டப்பாவையோ கவிழ்த்து அது எவ்வளவு உயரம் பறக்கிறதென்று பந்தயம் கட்டும் விளையாட்டொன்று உண்டு. சிதறும் தகரத்துக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் பேதம் அதிகமில்லை. வெடிக்காது போன வெடியை அரைமணி நேரம் அணுகாமல் விட்டு, பிறகு தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மறுநாட் காலையில் குப்பையில் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தும் பிள்ளைகளின் மீது ஒரு கண் இருக்கட்டும்.

காயம் பட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் விட வேண்டும். மை, மாவு, பற்பசை எதுவும் பூசலாகாது. கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல், மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 108-க்குத் தகவல் கொடுக்கத் தாமதம் கூடாது.

எதை வாங்குவது என்பதும் கொளுத்தும் விதத்தைச் சேர்ந்ததே. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் ஊன்றிய விதை, பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்தது. சுதேசியத்தில் அபிமானமுள்ளவர்கள் போற்ற வேண்டிய சரித்திரம் அது. குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து வெறும் உராய்விலேயே பற்றக்கூடியது. 1992-ல் நம் தேசத்தில் அது தடுக்கப்பட்டது. கள்ளத்தனமாய் வரும் அந்நியச் சரக்கில் அது இருக்கலாம். செய்தவர் பெயரில்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இனி அரசியல் ஊழியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, கோத்துக் கட்டிய சரவெடியைத் தடை செய்தது. புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தது. நமது மாகாணத்தில் காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் என்று சர்க்கார் நேரம் வகுத்தார்கள். அப்படியிருந்தும் தலைவர் வந்திறங்கினால் சரவெடி. தேர்தலில் ஜெயித்தால் சரவெடி! போக்குவரத்துள்ள ரஸ்தாவின் நடுவே, சைக்கிளில் வரும் குழந்தையின் காலடியில் அதைக் கொளுத்துகிற தொண்டரைப் பார்த்துத்தான் வீட்டுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளுகிறது. அத்திப்பள்ளித் துயரத்துக்குப் பின் அரசியல் ஊர்வலங்களிலும் கலியாணங்களிலும் பட்டாசு கூடாதென்று கர்நாடக சர்க்கார் 2023-ல் அறிவித்தார்கள். மாண்டவர்களிற் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ஏற்பாட்டை நம் கட்சிகள் உத்தரவில்லாமலே கைக்கொண்டால் என்ன?

ஊர்ப் பொதுவிடத்தில் கூட்டாக வாணம் விடும் யோசனையையும் அதே தீர்ப்பு சொல்லுகிறது. ஊத்தங்கரையில் எந்தக் கட்சித் தொண்டரும் இதை ஏற்கலாம். தெருவுக்கு ஒரு வெற்றிடம், இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், மூங்கிற் குச்சியில் கட்டிய ஊதுவத்தி, பொறுப்புள்ள இருவர் ஆகிய இவ்வளவே வேண்டுவது. ஸ்தல ஸ்தாபனத்தாரிடமும் தீயணைப்பு நிலையத்தாரிடமும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே சென்று இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும்படி ஊழியர்களை வேண்டுகிறோம்.