முதுகு வலிக்கு நகத்தில் ஒரு சோதனை

அழுத்தியது கட்டை விரல் நகத்தை. ஆனால் ஸ்கேன் மேசையில் படுத்திருந்தவர்களின் தொல்லையோ முதுகு வலி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் கீசெக்கும் டேனியல் கிளாவும் சக ஆய்வாளர்களோடு நடத்தி, 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. நாள்பட்ட கீழ் முதுகு வலிக்காரர்கள் 11 பேர். இன்னதுதான் காரணம் என்று கைகாட்டும்படி அவர்கள் முதுகில் எதுவும் அகப்படவில்லை. உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 16 பேர். வலியே இல்லாதவர்கள் 11 பேர்.

சிறு ரப்பர் முனையால் நகத்தை மெல்ல மெல்ல அழுத்தினார்கள். ஓரளவு கடுமையாக வலிக்கிறது என்று சொல்ல, வலியில்லாதவர்களுக்கு 5.6 கிலோ அழுத்தம் தேவைப்பட்டது. முதுகு வலிக்காரர்களுக்கு 3.9 கிலோவே போதும்; ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்கு 3.5. எல்லோருக்கும் ஒரே அளவு அழுத்தம் கொடுத்தபோது, வலியில்லாதவர்களின் மூளையில் வலி தொடர்பான ஓர் இடம் மட்டுமே ஸ்கேனில் தெரிந்தது. மற்ற இரு குழுவினருக்கும் ஐந்து இடங்கள்.

நகத்தில் ஒரு கோளாறும் கிடையாது. வலிச் செய்தியைக் கையாளும் நரம்பு மண்டலமே கூர்மையாகியிருந்தது. “ரிப்போர்ட் நார்மல்தானே, சும்மா சொல்கிறார்” என்று வீட்டிலும் அலுவலகத்திலும் முணுமுணுப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது கடினம்.

இதற்கான அடிப்படையை லண்டனில் கிளிஃபோர்ட் வூல்ஃப் 1983-இலேயே எலிகளிடம் கண்டிருந்தார். காயத்திலிருந்து சமிக்ஞைகள் விடாமல் வந்துகொண்டிருந்தால், தண்டுவடத்தின் நரம்பு செல்கள் மாறிப்போகின்றன. பிறகு லேசான தொடுகைக்கும் பெரிதாகத் துடிக்கின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நரம்புக்கும் பொருந்தும்.

மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கி வலியை மட்டுப்படுத்தும் பாதையும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, ஒரு கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு உடலில் வேறோர் இடத்தை அழுத்துவார்கள். நலமாக இருப்பவருக்கு, கை விறைத்து வலிக்கும்போது அழுத்தும் இடத்தின் வலி பொதுவாகக் குறைந்துவிடும். நாள்பட்ட வலி உள்ளவர்கள் பலருக்கு அப்படிக் குறைவதில்லை, தடுப்பு பலவீனமாகியிருக்கிறது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் ‘ஜவ்வு விலகியிருக்கிறது’ என்று எழுதுகிறார்களே? முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது.

எல்லா முதுகு வலியும் இந்த வகை என்று சொல்லிவிடவும் முடியாது. சிலருக்கு நரம்பு கூர்மையாகிறது, சிலருக்கு இல்லை. வலி தாங்கும் எல்லைக்கும் அன்றாட முதுகு வலியின் கடுமைக்கும் உள்ள தொடர்பு மெலிதானது என்பதையும் பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் நகத்தை அழுத்தியே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

தூக்கம் கெட்டால் வலி தாங்கும் சக்தி குறைகிறது. குனிந்தால் முதுகு போய்விடும் என்ற பயமும் வலியை வளர்க்கிறது. அந்தப் பயத்தையே குறிவைத்து அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு சிகிச்சையைச் சோதித்தார்கள். 151 பேர் பங்கேற்ற அதன் முடிவு 2022-இல் அச்சானது. வலி ஆபத்தின் அடையாளம் அல்ல என்று நான்கு வாரம் பேசிப் பழக்கிய குழுவில் 66 சதவீதம் பேருக்கு வலி அநேகமாக நின்றுபோனது. வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் அது 10 சதவீதமே. இவர்கள் மிதமான வலிக்காரர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலும் உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், உளவியல் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

ஆனால் முதுகு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலோ பயிற்சி, பேச்சு என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.