'யெஸ்' என்பதா, 'நோ' என்பதா?

ஆங்கில இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்ற மாணவரும் இடறும் இடம் ஒன்றுண்டு. அஃது அம்மொழியின் மிகச் சிறிய இரு சொற்களாகிய 'யெஸ்', 'நோ' என்பவற்றிலே உள்ளது.

சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியிடம், "காலை முதல் நீங்கள் ஒன்றும் உண்ணவில்லையா?" என வைத்தியர் ஆங்கிலத்தில் வினவுகிறார் என வைத்துக்கொள்வோம். உண்ணாத நம்மவர், "ஆம், உண்ணவில்லை" எனத் தமிழில் எண்ணி, "யெஸ்" என்பார். வைத்தியரோ அவர் உண்டுவிட்டார் என விளங்கிச் சிகிச்சையைப் பிற்போடக்கூடும். இதனால் வருவது வீண் தாமதமே. ஆனால், உண்டவர் ஒருவர், "இல்லை, உண்டேன்" என எண்ணி, "நோ" என்று மட்டும் கூறிவிட்டால், உணவுள்ள வயிற்றுடன் மயக்கமருந்து பெற நேரும். அஃது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இத்தடுமாற்றத்துக்குக் காரணம் யாது? தமிழில் நாம் 'ஆம்' என்னும்போது வினவியவரின் கூற்றுக்கு உடன்படுகிறோம். நன்னூலார் கூறும் எண்வகை விடைகளுள் 'நேர்' என்பதும் உடன்பட்டுக் கூறும் விடையே. ஆங்கிலத்திலோ வினாவின் வடிவை நோக்காது நிகழ்ச்சியையே நோக்குதல் வேண்டும். செயல் நிகழ்ந்ததாயின் 'யெஸ்', நிகழவில்லையாயின் 'நோ'. வினா உடன்பாடாயினும் எதிர்மறையாயினும் விதி ஒன்றே.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இவ்விரு வகை வினாக்களையும் பிரித்தே நோக்கினர். உடன்பாட்டு வினாவுக்கு 'யே', 'நே' என்றும், எதிர்மறை வினாவுக்கு 'யெஸ்', 'நோ' என்றும் விடை பகர்ந்தனர். விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் தின்டேல் இவ்வேறுபாட்டைப் பேணவில்லை என, சேர் தோமஸ் மூர் 1532ஆம் ஆண்டிலே கண்டித்து எழுதினார். பின்னர் 'யே', 'நே' என்பன வழக்கருகின. எஞ்சிய இரண்டுமே எல்லா வினாக்களுக்கும் விடையாயின.

'டூ யூ மைன்ட்' எனத் தொடங்கும் வினாவிலும் விழிப்பு வேண்டும். "இங்கே அமரலாமா?" என்னும் கருத்தில் ஒருவர் அவ்வாறு கேட்க, நாம் "யெஸ்" என்றால், "எனக்கு ஆட்சேபம் உண்டு" என்பதே பொருளாகும்! இடமளிக்க விரும்புவோர் "நோ" என்றே கூறல் வேண்டும்.

ஐயம் எழுமிடத்துத் தனிச்சொல்லோடு நில்லாது, "நோ, ஐ டிட் நொட் ஈட்" என முழு வாக்கியமாக விடையளிப்பதே பாதுகாப்பானது. பெற்றோர் இரவுணவு வேளையில் எதிர்மறை வினாக்கள் சிலவற்றைப் பிள்ளைகளிடம் விளையாட்டாகக் கேட்டுப் பார்க்கலாம். பிழை வீட்டிலே நேர்ந்தால் சிரிப்போடு போய்விடும். வெளியிலே நேர்ந்தால் அவ்வாறு போகாது.