மேடைப் பழக்கம் – 7: ஏழு நிமிட ஆங்கிலம்

ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் மாணவர் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பாடத்தைப் படித்தால் விளங்குகிறது; தேர்வில் பக்கம் பக்கமாக எழுதவும் வருகிறது. எழுந்து நின்று பேசச் சொன்னால்தான் தொண்டை அடைக்கிறது. இதை மொழிக் குறைவு என்று எண்ணி இலக்கண வகுப்பைக் கூட்டுவதே பள்ளிகளின் நெடுநாள் வழக்கம்.

பேச்சச்சத்தைத் தனியாக எடுத்து அளக்கும் முறையை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் மெக்ராஸ்கி 1970-ல் தொடங்கிவைத்தார். அவர் பின்னாளில் உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட அளவுகோல், குழு விவாதம், கூட்டம், இருவர் உரையாடல், மேடைப்பேச்சு என்று நான்கு சூழல்களையும் பிரித்து அளக்கிறது. டீக்கடையில் வெளுத்து வாங்குகிறவர் மேடையில் வாயடைத்து நிற்பது ஏன் என்பதற்கு இந்தப் பிரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. அயல்மொழி வகுப்பறைக்கென்று 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை எலைன் ஹார்விட்ஸும் மற்ற இருவரும் 1986-ல் வெளியிட்டார்கள். பேசவே அஞ்சுதல், தேர்வு பயம், பிறர் தன்னைத் தாழ்வாக எடைபோடுவாரோ என்ற கலக்கம் ஆகிய மூன்றோடும் அந்தப் பதற்றம் தொடர்புடையது என்பது அவர்கள் கருத்து. நம் வகுப்பறைகளில் கூர்மையானது மூன்றாவதுதான். ஒரு வினைச்சொல் பிசகினால் பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். சிரிக்கிறவருக்குச் சரியான வடிவம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்தக் கலக்கத்துக்கு மருந்தாகப் பள்ளிகள் பெரும்பாலும் கையில் எடுப்பது எலொகியூஷன் எனப்படும் பேச்சுப் போட்டி. தலைப்பு முன்கூட்டியே வந்துவிடும். ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தருவார்கள். பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். குரலை ஏற்றி இறக்கவும், நிமிர்ந்து நிற்கவும், கூட்டத்தைப் பார்த்துப் பேசவும் இது கற்றுத் தருகிறது. அதைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. ஆனால் கோப்பை வாங்கிய பிள்ளைக்கு உறுதிப்படுவது தன் நினைவாற்றல் மட்டுமே. நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது. போதாக்குறைக்கு, ஆண்டுதோறும் எல்லாப் போட்டிக்கும் அதே ஒரு பிள்ளையைத்தான் பள்ளி அனுப்பும்.

ஒரு சிறு மாற்றம் செய்தாலே இந்த நிலை திருந்தும். ஈவ்லின் ரெஞ்ச் 1918-ல் லண்டனில் நிறுவிய இங்கிலீஷ் ஸ்பீக்கிங் யூனியன் நடத்தும் பன்னாட்டுப் பேச்சுப் போட்டியில் 5 நிமிடத் தயாரிப்புரை முடிந்ததும் அவையினர் கேள்வி கேட்பார்கள். உரையைப் பிறர் எழுதித் தந்திருக்கலாம். பதிலை யாராலும் முன்கூட்டி எழுதித் தர முடியாது.

சென்னைக் கல்லூரி கல்ச்சுரல்ஸ் விழாக்களில் தனி ரசிகர் கூட்டம் கொண்ட ‘ஜாம்’ இன்னொரு வகை. 1967-ல் பிபிசி வானொலியில் தொடங்கிய ‘ஜஸ்ட் எ மினிட்’ நிகழ்ச்சியின் வழிவந்த விளையாட்டு இது. தயங்காமல், திரும்பச் சொல்லாமல், தலைப்பிலிருந்து விலகாமல் ஒரு நிமிடம் பேச வேண்டும். கல்லூரி மேடைகளில் இலக்கணப் பிழையைப் பிடித்தாலும் புள்ளி உண்டு. ஏற்கெனவே நன்றாகப் பேசுகிறவருக்கு இது திருவிழா. தயங்குகிறவருக்கோ அந்தப் பின் பெஞ்சுச் சிரிப்பைச் சட்டமாக்கி, கையில் மணியும் கொடுத்தது போலத்தான்.

நாடாளுமன்ற பாணி டிபேட் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கான உலக விவாதப் போட்டி 1981-ல் கிளாஸ்கோவில் தொடங்கியது. 2013 டிசம்பர் இறுதியில் ஆரம்பித்த 2014-ஆம் ஆண்டுப் போட்டி சென்னையில் நடந்தது. அதில் பின்பற்றப்படுவது பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறை. ஓர் அறையில் நான்கு அணிகள், அணிக்கு இருவர். இரண்டு அணிகள் அரசுத் தரப்பு, இரண்டு எதிர்த்தரப்பு. முதல் பேச்சாளர் ‘பிரதமர்’, அவரை மறுப்பவர் ‘எதிர்க்கட்சித் தலைவர்’, கடைசியில் பேசும் இருவர் ‘கொறடாக்கள்’. மோஷன் எனப்படும் தீர்மானம் அறிவிக்கப்பட்ட 15-வது நிமிடத்தில் விவாதம் தொடங்கிவிடும். எந்தப் பக்கம் பேசுவது என்பதை அணி தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எதிர்த்தரப்பார் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஏற்பதும் உட்காரச் சொல்வதும் பேசுகிறவர் விருப்பம்.

மொழி பற்றிய விதிதான் நம் மாணவர்களுக்கு முக்கியம். நடுவர் தன்னைப் பொது அறிவுள்ள ஒரு சாதாரண வாக்காளராக எண்ணிக்கொண்டு கேட்க வேண்டும். எவர் வாதம் அவரை நம்பவைக்கிறது என்பதே அளவு. உச்சரிப்பு எந்த நாட்டுடையது என்பது கணக்கில் வராது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் அயல்மொழியாகவும் கொண்ட அணிகளுக்குத் தனித்தனி இறுதிச் சுற்றுகளும் உண்டு. பிழையில்லாமல் பேச வேண்டும் என்ற சுமை இறங்கியதும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் முன்னே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், வாக்கியமும் அதன் பிறகுதான் திருந்தத் தொடங்குகிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் முன்வைத்த கோட்பாடு இங்கே உதவும். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார் அவர்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்குவிப்பது, தன் உடல் காட்டும் அறிகுறிகளுக்குத் தான் கொள்ளும் பொருள். இவற்றில் மிக வலுவானது முதலாவது. பள்ளி ஆண்டுவிழாக்கள் தாராளமாக வழங்குவது மூன்றாவதை. ‘உன்னால் முடியும் தம்பி’ என்று கைதட்டுவது எளிது. முடித்துப் பார்க்க வாய்ப்பு ஏற்படுத்தித் தருவதற்குத்தான் மெனக்கெட வேண்டும்.

டிபேட் அந்த வாய்ப்பை எண்ணிக்கையிலேயே தந்துவிடுகிறது. உலகப் போட்டியின் முதல்கட்டத்தில் 9 சுற்றுகள். மூன்று நாளில் ஒரு மாணவர் 63 நிமிடம் மேடையில் நிற்கிறார். பள்ளிப் பேச்சுப் போட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை நாலைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். தோற்றால் வீட்டுக்குப் போய்விடும் ஏற்பாடும் இங்கே இல்லை. ஒவ்வொரு அறையிலும் அணிகள் 3, 2, 1, 0 என்று புள்ளி பெறும். அடுத்த சுற்றில் ஒரே புள்ளியில் இருப்பவர்கள் ஒன்றாகச் சேர்க்கப்படுவார்கள். முதல் சுற்றில் சுழி வாங்கிய நான்கு அணிகள் அடுத்து ஓர் அறையில் கூடினால், அவற்றில் ஒன்று 3 புள்ளியோடு வெளியே வந்தே தீரும். தன் தரத்தில் உள்ளவரோடு மோதி வெல்லும் வாய்ப்பு தொடக்கநிலைப் பேச்சாளருக்கும் இப்படிக் கிடைத்துவிடுகிறது. நாக்-அவுட் முறையில் நடக்கும் நம் போட்டிகளில் முதல் நாளே சிங்கத்திடம் சிக்கியவர் மறுபடி மேடை ஏறுவதில்லை.

முதல்கட்டத்தின் பெரும்பாலான சுற்றுகளில், முடிவோடு காரணத்தையும் நடுவர்கள் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். எந்த வாதம் மறுக்கப்படாமல் நின்றது, எது எடுபடவில்லை, ஏன் இரண்டாமிடம் என்று விளக்குவார்கள். ‘நன்றாகப் பேசினாய், இன்னும் முயற்சி செய்’ என்ற பொத்தாம்பொதுவான பாராட்டால் யாரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. ‘உன் இரண்டாவது வாதத்துக்கு எடுத்துக்காட்டு இல்லை’ என்றால் அடுத்த சுற்றுக்குள் திருத்தலாம். தோல்விக்குக் காரணம் தெரிந்த மாணவர் அதைத் தன் பிறவிக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

பக்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற விதி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உறுத்தும். மனத்துக்கு ஒவ்வாததை வாதிடுவது போலித்தனம் இல்லையா என்று கேட்பார்கள். தயங்குகிற மாணவருக்கு அதுவே பாதுகாப்பு. அந்தக் கருத்து அவருக்கு ஒதுக்கப்பட்டது. அதை ஒருவர் கிழித்துப் போட்டால் கிழிவது வாதம் மட்டுமே. 2015 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்டர்ன் சிறையில் நடந்த விவாதம் இதற்குத் தக்க சான்று. பார்ட் கல்லூரி சிறைக்குள் நடத்தும் பட்டப்படிப்புத் திட்டத்தின் மாணவர்கள் அங்கே ஹார்வர்டு அணியை வென்றார்கள். அவர்களுக்கு இணைய வசதி கிடையாது. கேட்ட நூல் சிறை நிர்வாகத்தின் அனுமதி பெற்று வரச் சில வாரங்களும் ஆகும். ஆவணமில்லாமல் குடியேறிய மாணவர்களைச் சேர்க்க மறுக்கும் உரிமை அரசுப் பள்ளிகளுக்கு வேண்டும் என்ற பக்கத்தை அவர்கள் வாதிட வேண்டியிருந்தது. அது அவர்கள் ஏற்காத நிலைப்பாடு. ஹார்வர்டு அணி எதிர்பாராத வாதங்களை அவர்கள் வைத்தார்கள் என்று நடுவர்கள் கருதினார்கள்.

பண்டூரா சொன்ன நான்காவது வழியான உடல் அறிகுறி பற்றியும் பயனுள்ள ஆய்வு ஒன்று உண்டு. கை நடுங்குவதும் குரல் பிசிறுவதும் அவையில் எல்லாருக்கும் பளிச்சென்று தெரிகிறது என்று பேசுகிறவர் நம்புகிறார். கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பேச்சாளர் நினைக்கும் அளவுக்கு அவருடைய பதற்றம் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை என்று காட்டினார்கள். இந்த உண்மை முன்பே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஆசிரியர் போட்டிக்கு முன் சொல்லக்கூடிய உருப்படியான செய்தி இதுதான். ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயம் போனதாக வரலாறு இல்லை.

ஆங்கில விவாதம் இந்தியாவுக்குப் புதிதல்ல. கேம்பிரிட்ஜ் யூனியன் 1815-லும் ஆக்ஸ்போர்டு யூனியன் 1823-லும் தோன்றின. 1828-லேயே கொல்கத்தா இந்துக் கல்லூரி ஆசிரியர் டெரோசியோவைச் சுற்றிக் கூடிய மாணவர்கள் அகாடமிக் அசோசியேஷன் என்ற விவாத மன்றத்தை நடத்தினார்கள். சென்னையில் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கம் அப்படிப்பட்ட ஒன்று. அங்கே பழகிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் நான்கு சட்ட மாணவர்களும் 1878-ல் ‘தி ஹிந்து’வைத் தொடங்கினார்கள். டி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் இகழ்ந்தபோது அவர்கள் தந்த பதில் அது. மன்றத்தில் மறுத்துப் பேசிப் பழகியவர்களுக்கு அச்சில் மறுக்கவும் துணிச்சல் இருந்தது.

பள்ளி அளவில் உலகப் போட்டி 1988-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அணிக்கு மூவர் பேசுவார்கள். பேச்சு 8 நிமிடம். 2019-ல் பாங்காக்கில் நடந்தபோது இந்திய அணி அதை வென்றது.

குறைகளும் இருக்கின்றன. சுற்றுப்போட்டிக் கட்டணமும் பயணச் செலவும் பயிற்சியாளர் சம்பளமும் கொடுக்க முடிந்த பெருநகரத் தனியார் பள்ளிகளே இந்தக் களத்தில் நிறைந்திருக்கின்றன. உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை என்று விதி சொன்னாலும், வேகமாகவும் சரளமாகவும் பேசுகிறவரை நடுவரின் காது தன்னையறியாமல் உயர்த்திவிடும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 15 நிமிடம் யோசித்த எதையும் உறுதியான குரலில் சொல்லப் பழகியவர், அறியாத பொருளிலும் அடித்துப் பேசத் தொடங்கிவிடுவார். அது தன்னம்பிக்கை ஆகாது, வெறும் வாய்ச்சாலகம். குறுக்குக் கேள்வி இந்த நோய்க்கு ஓரளவு மருந்து. எதிரே இருப்பவரும் அதே அளவு அறியாதவர் என்றால் அந்த மருந்தும் வேலை செய்யாது. செய்தித்தாள் வாசிப்பும் நூலகமும் இல்லாத டிபேட் கிளப் இப்படித்தான் முடியும்.

செலவுச் சிக்கலுக்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு 1985-ல் அட்லாண்டாவின் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய நகர்ப்புற விவாதக் கூட்டமைப்பு பிற நகரங்களுக்கும் பரவியது. சிகாகோவில் 1997 முதல் 2007 வரையிலான பதிவுகளை பிரியானா மெசுக் குழுவினர் ஆராய்ந்தபோது, விவாதித்த மாணவர்கள் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. நன்றாகப் படிக்கிறவர்தானே இதில் சேருவார் என்ற ஐயம் நியாயமானது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வேறுபாடு நீடித்தது.

பயிற்சியாளர் இல்லாத அரசுப் பள்ளியிலும் தொடங்க முடியும். 8 பேரும் ஒரு கடிகாரமும் போதும். முதலில் 7 நிமிடம் வேண்டாம், 2 நிமிடம் போதும். குறுக்குக் கேள்வியைச் சில வாரம் கழித்துச் சேர்க்கலாம். 15 நிமிடத் தயாரிப்பில் அணியினர் தமிழிலேயே பேசிக்கொள்ளட்டும். வாதம் தமிழில் திரண்டுவிட்டால் அதற்கு வேண்டிய ஆங்கிலம் கைக்கு எட்டும் அளவில்தான் இருக்கும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மாணவர்களுக்குத் தமிழிலேயே விவாதப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே பழகியவர் ஆங்கில மேடைக்குப் போகும்போது மொழியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

பேசவே வராத பிள்ளைகளுக்கும் இதில் வேலை உண்டு. முதல் மாதம் மணியடிக்கும் நேரக்காப்பாளர். அடுத்து நடுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர். பிறகு எந்த அணி வென்றது, ஏன் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லும் பயிற்சி நடுவர். அந்த மூன்று வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது, எட்டுப் பேரும் அவரைச் சிரிக்காமல் கேட்பார்கள்; முடிவு அவர் கையில் இருக்கிறதே.