மூணு மீட்டர் அதிகம் ஓடின பொண்ணு: 800 மீட்டரும் ஒரு கர்வ் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம். நெமிலிச்சேரியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தா. காலேஜ் செகண்ட் இயர், 800 மீட்டர் ஓடுறா. அவ சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன்: "அக்கா, யூனிவர்சிட்டி டீமுக்கு செலக்‌ஷன் இருந்துச்சு. ரெண்டு பேருக்குத்தான் இடம். கடைசி கர்வ்ல வெளிய வந்து ஒரே மூச்சுல மூணு பேரைத் தாண்டினேன். ஆனா ஸ்ட்ரெய்ட்ல காலு வரல. மூணாவது. அரை செகண்ட்ல போச்சு. எல்லாரும் உனக்கு ஃபினிஷ் இல்லன்றாங்க. ஃபோன்ல அமெரிக்கா காலேஜ் பொண்ணுங்க இன்டோர்ல ஓடறதைப் பாத்தா, அவங்க முதல் ரவுண்டுலயே முன்னாடி போக அடிச்சுக்கறாங்க. ஏன்க்கா?"

ரெண்டும் ஒரே கேள்விதான். அந்த அரை செகண்ட் எங்க போச்சுன்னு பார்த்தா, இன்டோர் கேள்விக்கும் பதில் கிடைச்சுடும்.

ஒரு கர்வ்ங்கறது அரை வட்டம். உள்கோட்டை ஒட்டி ஓடறவளை விட நீ ஒரு மீட்டர் வெளிய தள்ளி ஓடினா, அந்த ஒரு கர்வ்லயே உனக்கு 3.14 மீட்டர் கூடுதல். பள்ளிக்கூடத்துல படிச்ச அதே பை. இதுல பலருக்கும் தெரியாத விஷயம் என்னன்னா, வட்டம் பெருசா சின்னதாங்கறது கணக்குலயே வராது. எவ்வளவு தள்ளி ஓடற, அது மட்டும்தான் கணக்கு.

இப்போ தங்கச்சி, நீ 800-ஐ 2 நிமிஷம் 10 செகண்ட்ல ஓடறன்னு வச்சுக்குவோம். செகண்டுக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. மூணு பேரைத் தாண்ட கர்வ் முழுக்க ஒரு மீட்டர் வெளிய ஓடியிருக்க. மூணு மீட்டர் சொச்சம், அதாவது அரை செகண்ட். உனக்கும் ரெண்டாவது வந்தவளுக்கும் இருந்த வித்தியாசம் சரியா அதேதான். அவ 800 மீட்டர் ஓடினா, நீ 803 ஓடியிருக்க. ஃபினிஷ் இல்லாம இல்லம்மா, செலவு பண்ண இடம்தான் தப்பு.

நெமிலிச்சேரிக்காரங்களுக்கு இதை நான் விளக்கவே வேணாம். வண்டலூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் போற அவுட்டர் ரிங் ரோடு உங்க ஊர் வழியாத்தான் போகுது. தூரம் அதிகம், ஆனா வழி ஃப்ரீ. ஊருக்குள்ள போனா தூரம் கம்மி, ஆனா எங்க மாட்டுவோம்னு தெரியாது. ட்ராக்லயும் அதே கதைதான். உள்கோட்டுல ஒருத்தி பின்னாடி ஒட்டிக்கிட்டே போனா தூரமும் மிச்சம், காத்தும் அவ மேலதான் அடிக்கும். ஆனா பக்கத்துல ஒருத்தி வந்து நின்னுட்டா பாக்ஸ் ஆயிடுவ. வெளிய வரவே முடியாது. எந்த நேரத்துல எந்த ரோடுன்னு முடிவு பண்றதுதான் 800.

சரி, இன்டோர். வெளி ட்ராக் 400 மீட்டர். 800-ன்னா ரெண்டு ரவுண்டு, நாலு கர்வ். முதல் கர்வ் அவங்கவங்க லேன்ல ஓடணும், அதனால எல்லாருக்கும் சமம். மிச்சம் மூணு. இன்டோர் ட்ராக் 200 மீட்டர்தான். நாலு ரவுண்டு, எட்டு கர்வ். லேன் முடியறது ஒரு கர்வ்லயோ ரெண்டு கர்வ்லயோ. மிச்சம் ஆறு ஏழு கர்வ் இருக்கு. ஒரு மீட்டர் வெளியவே ஓடிட்டிருந்தா வெளி ட்ராக்ல ஒன்பது மீட்டர் சொச்சம் நஷ்டம், இன்டோர்ல இருபது மீட்டர் கிட்ட. மூணு செகண்டுக்கு மேல போயிடும். அதுவும் போக, கர்வ் எல்லாம் வெளிப்பக்கம் உயர்ந்து சரிவா இருக்கும், அங்க தாண்டணும்னா மேல ஏறணும். ஸ்ட்ரெய்ட் ரொம்பக் குட்டி, ஒருத்தியைத் தாண்டறதுக்குள்ள அடுத்த கர்வ் வந்துடும். அதனாலதான் லேன் முடிஞ்ச உடனே அந்தத் தள்ளுமுள்ளு. முதல் ரவுண்டுல இடம் பிடிக்கலன்னா மிச்ச மூணு ரவுண்டும் வட்டி கட்டணும்.

அந்த காலேஜ் ரேஸ்ல இன்னொரு கணக்கும் ஓடிட்டிருக்கும். என்சிஏஏ போட்டியில முதல் எட்டு இடத்துக்குப் புள்ளி உண்டு: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. அதைக் கூட்டித்தான் எந்த காலேஜ் சாம்பியன்னு முடிவாகும். 2021-ல அதிங் மூ-ன்னு ஒரு பொண்ணு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டி. பிப்ரவரி கடைசியில இன்டோர் 800-ல 1:58.40 ஓடி காலேஜ் ரெக்கார்டு வச்சா. ரெண்டு வாரத்துல நேஷனல்ஸ். எல்லாரும் 800 தங்கம் அவளுக்குன்னு எழுதி வச்சிருப்பாங்க. அவ 800 ஓடவே இல்ல! 400 ஓடி ரெண்டாவது வந்தா, ரிலே ஓடி ஜெயிச்சா. அந்த வருஷம் டீம் டைட்டில் போனது ஆர்கன்சாவுக்கு. அதனால யாருக்கு டைட்டில்னு யாராவது ஜோசியம் சொன்னா, டைமிங் லிஸ்ட்டை மட்டும் நம்பாதீங்க. யார் பேரு எந்த ரேஸ்ல இருக்கு, ஒரே நாள்ல எத்தனை தடவை ஓடணும்னு பாருங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல டோக்கியோ ஒலிம்பிக் 800-ல அவதான் தங்கம், 1:55.21. சீக்கிரமே முன்னாடி போயிட்டா, உள்கோட்டை யாருக்கும் விடவே இல்ல.

நம்ம ஊர்க் கணக்கும் ஒண்ணு சொல்றேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தர்ராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி 800-ல ரெண்டாவது வந்தாங்க. 2:03.16. அடுத்து வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் 0.03 செகண்ட். அந்த வேகத்துல அது வெறும் இருபது சென்டிமீட்டர். ஒரே ஒரு கர்வ்ல ஆறு சென்டிமீட்டர் தள்ளி ஓடியிருந்தாலே போயிருக்கும். ரெண்டு விரல் நீளம்கூட இல்ல. அப்புறம் பாலினப் பரிசோதனைன்னு சொல்லி அந்த வெள்ளியைப் பறிச்சாங்க. அது தனி எபிசோடுக்கான கோபம், இங்க அவசரமா சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்ல. பின்னாடி அவங்க கோச் ஆனாங்க.

"நம்ம கிட்ட இன்டோர் ட்ராக் எங்கக்கா இருக்கு?"ன்னு கேப்ப. இந்தியாவுக்கே அது புதுசு, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம் வளாகத்துல வந்திருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு ஸ்கூல் கிரவுண்ட்ல சுண்ணாம்புல கோடு போடுவாங்களே, பல ஸ்கூல்ல அது 200 மீட்டர் ட்ராக்தான். கூரை இல்ல, சரிவு இல்ல, அவ்வளவுதான். 800-ன்னா அங்கயும் நாலு ரவுண்டு, எட்டு கர்வ். அந்த மண்ணுல ஓடிப் பழகினவளுக்கு முதல்லயே இடம் பிடிக்கிறது உடம்புலயே இருக்கும். நேரு ஸ்டேடியம் மாதிரி பெரிய ட்ராக்குக்கு வந்ததும், கடைசி 200-ல பாத்துக்கலாம்னு நாமதான் அதை மறந்துடறோம்.

அதனால உனக்கு ஒண்ணே ஒண்ணு. தாண்டறதா இருந்தா பேக் ஸ்ட்ரெய்ட்லயே தாண்டி முடி, கர்வ் ஆரம்பிக்கிறதுக்குள்ள உள்ள வந்துடு. லேட் ஆயிடுச்சா, கர்வ் முழுக்க ஒருத்தி தோள் பின்னாடியே பொறுமையா இரு, கடைசி ஸ்ட்ரெய்ட்ல வெளிய வா. பாதிக் கர்வ்ல மட்டும் ஆசைப்படாத. பக்கத்துல இருக்கற ஸ்கூல் கிரவுண்ட்ல சாயங்காலம் ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டுப் போய் ஒருத்தியை முன்னாடியும் ஒருத்தியை பக்கத்துலயும் ஓட விட்டு, நடுவுல மாட்டிக்கிட்டு வெளிய வரப் பழகு. அடுத்த செலக்‌ஷன் தேதி தெரிஞ்சதும் இன்னொரு வாய்ஸ் நோட் போடு.