ஒட்டியதை உரிக்கவும் பக்குவம் வேண்டும்

சென்ற மாதம் எங்கள் லயத்தில் நடந்தது இது. பால்மரம் வெட்டும் நண்பர் ஒருவர் மகனுக்காகப் பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். பின்பக்கம் முழுவதும் முந்தைய சொந்தக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கள். நண்பர் தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தார். ஏற்கெனவே ஒருமுறை மறுசாயம் பூசிய வண்டி. ஸ்டிக்கரோடு சாயமும் வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அரை மாதச் சம்பளம் போயிற்று. "முன்னமே உங்களைக் கேட்டிருக்கலாம், வாத்தியாரே" என்று வருந்தினார். அந்த வருத்தம் மற்றவர்களுக்கு வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்டிக்கரின் பசை பெரும்பாலும் ரப்பரோ அதைப் போன்ற செயற்கைப் பொருளோதான். கையில் காய்ந்த ரப்பர் பாலை வெறும் தண்ணீர் போக்காது என்பது நமக்குத் தெரியாததா? பசை சூட்டில் இளகும், எண்ணெயில் ஊறும். இந்த இரண்டையும் வைத்தே வேலையை முடிக்கலாம்.

முதலில், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஸ்டிக்கரின்மேல் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடலாம். ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாகப் படுக்கைவாட்டில் இழுங்கள். வராத இடத்தில் பழைய பிளாஸ்டிக் அட்டையால் தள்ளுங்கள். எஞ்சிய பசைமீது தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, சவர்க்கார நீரில் கழுவிவிடுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடி செய்யுங்கள்.

சாயத்தின்மேல் பிளேடு வேண்டவே வேண்டாம். பின்கண்ணாடியின் உட்புறம் மெல்லிய கோடுகள் இருந்தால் அங்கும் கூடாது. அவை பனிமூட்டத்தைப் போக்கும் மின்கம்பிகள். அறுந்தால் வேலை செய்யா. கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடியிலும் சுரண்டாதீர்கள். பெட்ரோலை எடுக்கவே எடுக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் லயத்து வாசலில் ஒரு பொறி போதும்.

2023 பிப்ரவரி 10 முதல் மலேசியர்கள் தங்கள் சொந்தக் காரில் சாலைவரி வில்லையை ஒட்டிவைக்கத் தேவையில்லை. முன்கண்ணாடியில் ஆண்டுக்கணக்காய்க் காய்ந்துகிடக்கும் பழைய வில்லைகளையும் இப்படியே எடுக்கலாம். புதிதாய் லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளின் 'பி' ஸ்டிக்கரையும் இரண்டாண்டு முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெயிலில் காயக்காய வேலை கூடும்.

ஒட்ட ஒரு நிமிடம் போதும். உரிக்க அரைமணி நேரம் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை அரை மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்தும்.